மழைக்காலத்துல நீலகிரி ஒத்தையடிப் பாதையில மவுண்டன் பைக்: எப்படி ஓட்டுறது, எப்போ திரும்பி வந்துடறது

குன்னூர், கோத்தகிரி, ஊட்டி பக்கம் மவுண்டன் பைக் எடுத்துட்டு வர்றவங்க எல்லாரும் மழை சீசன் வந்தா முதல்ல கேக்குறது எந்த டயர் போடணும்னுதான். டயர் பத்தி கீழ விவரமா சொல்றேன், ஆனா அதுக்கு முன்னாடி கேக்க வேண்டிய கேள்வி ஒண்ணு இருக்கு, இந்தப் பாதையில இன்னைக்கு ஓட்டலாமா வேணாமா. அதுக்கு பதில் தெரிஞ்சுக்கறதுதான் சேத்துல ஓட்டுறதுல பெரிய வித்தை, மத்த டெக்னிக் எல்லாம் அதுக்கு அப்புறம்தான்.

ஏன் இவ்ளோ அழுத்திச் சொல்றேன்னா, நம்ம மலையில சைக்கிளுக்குன்னே வெட்டுன டிரெயில் ரொம்ப கம்மி. நாம ஆசையா ஓட்டுற ஒத்தையடிப் பாதை எல்லாம் லயன் வீட்லேர்ந்து (எஸ்டேட் தொழிலாளர்களோட வரிசை வீடு) தோட்டத்துக்குக் கொழுந்து பறிக்கப் போற அக்காமாரு, ஸ்கூலுக்குக் குறுக்கு வழியில இறங்குற பசங்க, விறகு கட்டு தூக்கிட்டு வர்றவங்க, மாடு ஓட்டிட்டுப் போறவங்கன்னு இவங்க எல்லாம் வருஷக்கணக்கா நடந்து நடந்து உண்டாக்கி வெச்சது. நமக்கு அது ஞாயித்துக்கிழமை சந்தோஷம், அவங்களுக்கு அது தினமும் வேலைக்குப் போற வழி. நாம கிழிச்சுட்டுப் போன பாதையில மறுநாள் காலையில முதுகுல கொழுந்து மூட்டையோட வழுக்கி விழப்போறது அவங்கதான்.

சேறு எப்படி பாதையைக் கெடுக்குது

இங்க அடியில இருக்கிறது சார்னோகைட்னு ஒரு கெட்டிப் பாறை, அது மழையிலயும் வெயில்லயும் காலங்காலமா உளுத்து மேல ஆழமா சிவப்புக் களிமண்ணா மாறி இருக்கு. மணல் கலந்த மண்ணா இருந்தா மழை விட்ட கொஞ்ச நேரத்துல தண்ணி கீழ இறங்கிடும், களிமண் அப்படி இல்ல, தண்ணியைப் பிடிச்சு வெச்சுக்கும், மேல பாத்தா காஞ்ச மாதிரி இருக்கும், ஒரு விரக்கடை கீழ இன்னும் ஈரமாவே இருக்கும்.

இதுல செருப்புக் கால் பதிஞ்சா அது தனியா ஒரு குழி, அதுல தண்ணி தேங்கி நிக்கும், அவ்ளோதான். டயர் பதிஞ்சா கதை வேற. அது மேலேர்ந்து கீழ வரைக்கும் அறுபடாத ஒரே கோடு, அடுத்த மழையில தண்ணி நேரா அந்தக் கோட்டுக்குள்ள இறங்கி ஓட ஆரம்பிக்கும், ஓட ஓட வேகம் கூடும், வேகம் கூடக் கூட மண்ணை அரிச்சுட்டுப் போகும், ரெண்டு மூணு நல்ல மழைக்கு அப்புறம் பாத்தா பாதையே வாய்க்காலா மாறி இருக்கும், வேரும் கல்லும் வெளிய தெரியும். அப்புறம் நடக்குறவங்க அந்தப் பள்ளத்தைத் தவிர்க்க ஓரமா நடப்பாங்க, நாமளும் ஓரமா ஓட்டுவோம், ஒரு அடி அகலப் பாதை ஆறு அடி சேத்துக் காடா ஆயிடும். பின் பிரேக்கை இறுக்கிப் பிடிச்சு சக்கரம் சுத்தாம இழுத்துக்கிட்டே இறங்குறது இன்னும் மோசம், அது மண்ணை உழுதுட்டே போற வேலை.

அரிச்ச மண்ணு எங்க போகும்னா நேரா கீழ ஓடைக்குத்தான். அந்த ஓடையில பைப் போட்டுத்தான் பல ஊர்ல குடிக்கத் தண்ணி எடுக்கறாங்க.

ஓட்டலாமான்னு எப்படிப் பாக்குறது

பாதை ஆரம்பிக்கற இடத்துல வண்டியை நிறுத்திட்டு ஒரு கைப்பிடி மண்ணு எடுத்து உருட்டிப் பாருங்க. பொலபொலன்னு உதிர்ந்தா ஓட்டலாம். சப்பாத்தி மாவு மாதிரி உருண்டையா நின்னு விரல்ல ஒட்டுச்சுன்னா வேணாம். இன்னொரு சோதனை, ஒரு இருபது அடி ஓட்டிட்டு இறங்கித் திரும்பிப் பாருங்க, டயர் கட்டை (டயர்ல துருத்திட்டு இருக்கிற முண்டு) பதிஞ்ச அச்சு மட்டும் தெரிஞ்சா பரவால்ல, பள்ளமா கோடு விழுந்து அதுல தண்ணி ஊறி வந்தா அங்கயே திரும்பிடுங்க. கூட வந்தவங்க இவ்ளோ தூரம் வந்துட்டோமேன்னு சொல்வாங்க, அப்போ உறுதியா இருக்கணும்.

பாதிக் காஞ்ச சேறுதான் எல்லாத்துலயும் கஷ்டம். கொட்டுற மழையில மண்ணு கூழா இருக்கும்போது டயர்லேர்ந்து வழிஞ்சு போயிடும், ஆனா மழை விட்டு ஒரு நாள் கழிச்சு வெயில் லேசா பட்ட களிமண்ணு இருக்கே, அது டயர்ல ஒட்டி, ஃபோர்க்குக்கு (முன் சக்கரத்தைப் பிடிக்கிற கவைக்கு) நடுவுல அடைச்சு, சக்கரத்தையே சுத்த விடாது, வண்டி எடை கூடிட்டே போகும். அந்த நிலைமையில பாதைக்கும் சேதம், கியருக்கும் சேதம், நிறைய பேருக்கு டிரேலியர் (பின்னாடி செயினைத் தள்ளி கியர் மாத்துற பாகம்), அதை ஃப்ரேமோட பிடிக்கிற ஹேங்கர் வளைஞ்சு, உடையறது அப்படித்தான்.

மழை விட்டு எத்தனை நாள் காத்திருக்கணும்னு ஒரே கணக்கா சொல்ல முடியாது, இடத்தைப் பொறுத்தது. காலை வெயில் படுற, காத்து அடிக்கிற கிழக்குச் சரிவு ரெண்டு நாள் நல்ல வெயில்ல தேறிடும். சோலை ஓரமா, கற்பூர மர (யூகலிப்டஸ்) தோப்புக்குள்ள போற பாதையில வெயிலே படாது, ஒரு வாரம் ஆனாலும் ஈரம் போகாது. நல்லாக் கூர்ந்து பாத்தா ஒரே பாதையிலயே ஒரு பாதி காஞ்சிருக்கும், இன்னொரு பாதி சேறா இருக்கும், அந்தப் பாதியை இறங்கி ஓரத்துப் புல்லை மிதிக்காம தள்ளிட்டுப் போறதுல ஒரு குறையும் இல்ல.

பாதையோட அமைப்பையும் பாருங்க. சரிவுக்குக் குறுக்கா, மலையைச் சுத்தி மெதுவா ஏறி இறங்குற பாதை மழையைத் தாங்கும், ஏன்னா தண்ணி பாதையைக் குறுக்கா கடந்து கீழ போயிடும். சரிவுல நேரா கீழ இறங்குற குறுக்கு வழி தாங்காது, தண்ணிக்கும் அதுதான் குறுக்கு வழி. டிரெயில் கட்டுறவங்க உலகம் முழுக்க இதுக்கு ரெண்டு கணக்கு வெச்சிருக்காங்க: பாதையோட சாய்வு, அது போற மலைச்சரிவோட சாய்வுல பாதிக்கு மேல போகக்கூடாது, மொத்தப் பாதைக்கும் சராசரி சாய்வு 10 சதவீதத்துக்குள்ள இருக்கணும். இது சைக்கிள் டிரெயில் கட்டுறதுக்கான கணக்குதான், ஆனா மழை நாள்ல எந்தப் பாதையை விட்டுடணும்னு முடிவு பண்ணவும் நல்லா உதவும்.

நம்ம மாவட்டத்துக்கு இருக்கிற ஒரு பெரிய வசதியை நிறைய பேர் பயன்படுத்தறதே இல்ல. ஜூன்லேர்ந்து செப்டம்பர் வரைக்கும் தென்மேற்குப் பருவமழை மேற்குப் பக்கத்துல கொட்டும், கூடலூர், தேவாலா, பந்தலூர், அவலாஞ்சி, அப்பர் பவானி எல்லாம் நனைஞ்சு ஊறிக் கிடக்கும். 2019 ஆகஸ்ட்ல அவலாஞ்சியில ஒரே நாள்ல 900 மில்லிமீட்டருக்கு மேல பெஞ்சுது. அதே சமயம் கோத்தகிரி பக்கம் மலை மறைவுல இருக்கறதால மழை எவ்வளவோ குறைவு. அக்டோபர்லேர்ந்து டிசம்பர் வரைக்கும் அப்படியே தலைகீழ், வடகிழக்குப் பருவமழை குன்னூர், கோத்தகிரி பக்கத்தைப் பிடிச்சுக்கும். அதனால ஜூலையில கிழக்கே ஓட்டுங்க, நவம்பர்ல கிழக்குப் பக்கத்து மண் பாதையை விட்டுடுங்க. இப்படி மாத்தி மாத்தி ஓட்டுனாலே நம்மளால வர்ற சேதத்துல பெரும் பகுதி குறைஞ்சுடும்னு நான் நம்புறேன்.

டிசம்பர் கடைசி, ஜனவரியில ஊட்டி பக்கம், தலைகுந்தா மாதிரி தாழ்வான இடத்துல உறைபனி விழும். விடியக்காலையில புல்லு வெள்ளையா விறைச்சு நிக்கும், அழகா இருக்கும், அதுமேல ஓட்டாதீங்க, விறைச்ச புல்லு நசுங்குனா அந்தத் தடம் காஞ்சு பழுப்பாவே நிக்கும். வெயில் ஏறி பனி உருகுனதும் மேல் மண்ணு கொழகொழன்னு ஆகும், அதுவும் காயட்டும்.

இதெல்லாம் பாத்து இன்னைக்கு ஒத்தையடிப் பாதை வேணாம்னு முடிவாச்சுன்னா வீட்ல உக்காரணும்னு இல்ல. எஸ்டேட்டுக்குள்ள லாரி, டிராக்டர் போறதுக்குக் கல் பாவுன ரோடு நிறைய இருக்கும், அது கனரக வண்டியையே தாங்குது, உங்க சைக்கிளைத் தாங்காதா. பெர்மிஷன் வாங்கிட்டு அதுல ஏத்தம் ஏறிப் பழகுங்க. மழையில காலுக்கு நல்ல டிரெயினிங் அதுதான்.

யார்கிட்ட கேக்கணும்

தேயிலைத் தோட்டம் தனியார் நிலம். எஸ்டேட் ஆபீஸ்லயோ, இல்லன்னா கேட்ல இருக்கிற வாட்ச்மேன் அண்ணன்கிட்டயோ, "அண்ணா, சைக்கிள்ல இந்த வழியா போய்ட்டு வரலாமுங்களா"ன்னு கேட்டா பல இடத்துல விடுவாங்க, விடலைன்னா விடலை, வேலியைச் சுத்திப் போற வேலை வேணாம். கேக்கறதுல இன்னொரு லாபம், இன்னைக்கு எந்தப் பக்கம் மருந்து அடிக்கறாங்க, எந்தப் பக்கம் காட்டெருமை நிக்குதுன்னு அவங்களே சொல்லிடுவாங்க. சின்னத் தோட்டக்காரங்க நிலமா இருந்தா வீட்டுக்காரங்ககிட்டயே கேளுங்க.

காட்டு நிலம் வேற விஷயம். காப்புக்காட்டுக்குள்ள வனத்துறை அனுமதி இல்லாம போறது குற்றம், முதுமலை புலிகள் காப்பகம், முக்கூர்த்தி தேசியப் பூங்கா பக்கமெல்லாம் சைக்கிள் நினைப்பே வேணாம். 2018 மார்ச்ல தேனி குரங்கணி காட்டுத்தீயில மலையேறப் போனவங்க 23 பேர் செத்தாங்க, அதுக்கப்புறம் மலையேற்றத்துக்கே விதி கடுமையாச்சு, 2024 அக்டோபர்ல அரசாங்கம் ட்ரெக் தமிழ்நாடுன்னு 40 ரூட்டை ஆன்லைன் புக்கிங்ல திறந்தாங்க. அதெல்லாம் கைடோட நடந்து போறதுக்கு. கோத்தகிரி லாங்வுட் சோலை மாதிரி இடத்தை நடந்து பாருங்க, அங்கேர்ந்து பல ஊருக்குக் குடிதண்ணி வருது, அந்த மண்ணுல டயர் படவே கூடாது. மேட்டுப் புல்வெளியும் அதுக்கு நடுவுல இருக்கிற சதுப்பும் அப்படித்தான், பாக்க வெறும் புல்லு மாதிரி இருக்கும், ஆனா மழைத் தண்ணியை ஊற வெச்சு வெயில் காலம் முழுக்க ஓடைக்கு விடறது அதுதான், ஒரு தடவை விழுந்த தடம் ரொம்ப நாள் ஆறாது. தோடர் பழங்குடியினரோட ஊரான மந்து பக்கம் போனா கோயில் இருக்கிற இடத்துக்கும் எருமைக் கூட்டத்துக்கும் நல்லாத் தள்ளியே இருங்க.

ஓட்டுன ரூட்டை ஸ்ட்ராவா மாதிரி ஆப்ல போடறவங்க ஒண்ணு யோசிக்கணும். நீங்க கேட்டு, பேசி, காஞ்ச நாளாப் பாத்துப் போன பாதையை அடுத்தவங்க அந்த மேப்பை மட்டும் பாத்துட்டு கொட்டுற மழையில கும்பலா வந்து ஓட்டுவாங்க. அனுமதி வாங்கிப் போன தோட்டப் பாதையை பிரைவேட்டாவே வெச்சுக்கங்க. வெளியூர்லேர்ந்து கார்ல சைக்கிள் ஏத்திட்டு வர்றவங்களுக்கு நீலகிரிக்கு இ-பாஸ் வேணும், 2024 மே மாசத்துலேர்ந்து நடைமுறையில இருக்கு, கிளம்பறதுக்கு முன்னாடியே ஆன்லைன்ல எடுத்துடுங்க.

வண்டியை சேத்துக்கு தயார் பண்றது

சேத்துக்கு டயர்ல கட்டை உயரமா, ஒண்ணுக்கொண்ணு இடைவெளி விட்டு இருக்கணும், அப்போதான் ஒட்டுன மண்ணு சக்கரம் சுத்தும்போது தெறிச்சுப் போகும். நெருக்கமா சின்னச் சின்னக் கட்டை இருக்கிற டயர் ஒரு ஃபர்லாங்குலயே அடைச்சு வழவழன்னு ஆயிடும். மேக்ஸிஸ் ஷார்ட்டி மாதிரி சேத்துக்குன்னு வர்ற டயர் நல்லா இருக்கும், ஆனா விலையும் ஜாஸ்தி, கிடைக்கறதும் கஷ்டம், ரோட்ல ஓட்டுனா சீக்கிரம் தேய்ஞ்சுடும். பட்ஜெட் கம்மின்னா முன் சக்கரத்துக்கு மட்டும் நல்ல கட்டை டயரா வாங்கிப் போடுங்க, பின் சக்கரம் வழுக்குனா சமாளிச்சுடலாம், முன் சக்கரம் வழுக்குனா நேரா தரைதான். ரொம்ப அகலமும் வேணாம், ஃபோர்க்குக்கும் டயருக்கும் நடுவுல விரல் போற அளவுக்கு இடம் இருந்தாத்தான் சேறு வெளிய வரும்.

காத்து வழக்கத்தை விடக் கொஞ்சம் குறைங்க. 70 கிலோ ஆளு, 2.3 இன்ச் டயர், டியூப்லெஸ்னா முன்னாடி 20 லேர்ந்து 22 பிஎஸ்ஐ, பின்னாடி 23 லேர்ந்து 25, இங்கேர்ந்து ஆரம்பிச்சு உங்களுக்கு ஏத்த மாதிரி கூட்டிக் குறைச்சுக்கங்க. டியூப் போட்டிருந்தா 26க்குக் கீழ இறக்காதீங்க, கல்லுல ரிம் அடிச்சு டியூப் கிழியும். பெட்ரோல் பங்க்ல அடிச்ச 40 பிஎஸ்ஐயோட ஈர வேர் மேல போகாதீங்க.

பிரேக் பேட் விஷயத்துல அலட்சியம் வேணாம். ரெசின் பேட் காஞ்ச நாள்ல சத்தமில்லாம அருமையா பிடிக்கும், ஆனா ஈரத்துல மண்ணு சேந்து அரைச்சா எதிர்பாக்காத வேகத்துல தேயும், கோத்தகிரிலேர்ந்து கீழ இறங்குற மாதிரி நீளமான இறக்கத்துல பாதி வழியில பிரேக் இல்லாமப் போறது உயிர் ஆபத்து. மழை சீசனுக்கு மெட்டல் பேட் மாத்திடுங்க, கொஞ்சம் கத்தும், ஆனா தாங்கும். ஒரு செட் எக்ஸ்ட்ரா பேட் பையில எப்பவும் இருக்கட்டும், மாத்தவும் வீட்லயே பழகிக்கங்க.

செயினுக்கு வெட் லூப் (ஈரத்துக்கான செயின் எண்ணெய்) போடுங்க, போட்டுட்டு வெளிப்பக்கத்தைத் துணியால நல்லாத் துடைச்சிடுங்க, வெளிய எண்ணெய் நின்னா அதுலதான் மண்ணு ஒட்டும். முன் சக்கரத்துக்கு மட்கார்டு கண்டிப்பா வேணும், கடையில வாங்கலாம், இல்லன்னா பழைய பிளாஸ்டிக் ஃபைல் அட்டையை வெட்டி நாலு கேபிள் டை போட்டுக் கட்டுனாலும் போதும். கண்ணுல சேறு அடிச்சா அடுத்த வளைவே தெரியாது. இன்னொண்ணு, இங்க பாதை முழுக்க மாட்டுச் சாணி, எலி எல்லாம் உண்டு, சேத்துத் தண்ணி வாய்க்குள்ள போனா எலிக்காய்ச்சல் வர வாய்ப்பு இருக்கு, அதனால தண்ணி பாட்டில் வாய்க்கு மூடி இருக்கிறதா வாங்குங்க, கால்ல காயம் இருந்தா மூடிக் கட்டிட்டுப் போங்க. அட்டைக்கு நீள சாக்ஸ் போட்டு, அதுமேல புகையிலைத் தண்ணி தடவிக்கறது தோட்டத்து ஆளுங்க பண்றது, நல்லாவே வேலை செய்யுது.

சேத்துல ஓட்டுற விதம்

முதல்ல உடம்பைத் தளர்த்துங்க. ஈரத்துல வண்டி அடியில அப்படி இப்படி நெளியும், அது சகஜம், நெளிய விடணும், ஹேண்டில்பாரை இறுக்கிப் பிடிச்சு அதோட சண்டை போட்டா விழுவீங்க. முழங்கை லேசா வெளிய விரிஞ்சு, பெடல் ரெண்டும் தரைக்கு சமமா, எடை காலுல, கண்ணு பத்துப் பதினஞ்சு அடி முன்னாடி. முன் சக்கரத்துக்கு நேர் கீழ பாத்துட்டே ஓட்டுனா எல்லாமே திடீர்னு வர்ற மாதிரி இருக்கும்.

ஏத்தத்துல எழுந்து நின்னு மிதிக்காதீங்க, பின் சக்கரத்து மேல எடை இல்லாம சும்மா சுத்தும், சுத்துற இடத்துல மண்ணும் பிச்சுட்டு வரும். சீட்ல உக்காந்து, கொஞ்சம் முன்னாடி நகர்ந்து, நெஞ்சைத் தாழ்த்தி, ஒரே சீரா மிதிங்க. ரொம்பச் சின்ன கியர் போட்டா டக்குனு ஸ்பின் ஆயிடும், அதுக்கு ஒரு கியர் பெருசா வெச்சு மெதுவா அழுத்துறது நல்லது. பின் சக்கரம் பிடிமானம் விட்டு சும்மா சுத்த ஆரம்பிச்சா இறங்கித் தள்ளுங்க, அங்கயே நின்னு அரைச்சா பாதையில குழிதான் மிஞ்சும்.

இறக்கத்துல ரகசியம் ஒண்ணுதான், பிரேக் பிடிக்க வேண்டிய இடத்தை முன்னாடியே தேர்ந்தெடுக்கணும். கல்லு இருக்கிற இடம், கெட்டி மண்ணு இருக்கிற இடம், நேரா இருக்கிற இடம், அங்க வேகத்தைக் குறைச்சுட்டு, வளைவுலயும் வேர் மேலயும் வழுக்குற சேத்துலயும் பிரேக்கை விட்டுட்டு உருள விடணும். ரெண்டு பிரேக்கையும் ஒவ்வொரு விரலால மெதுவா, பின் சக்கரம் லாக் ஆகற நிலைக்குப் போகாம. லாக் ஆச்சுன்னு தெரிஞ்ச நொடி விட்டு மறுபடி பிடிங்க. அந்த இறக்கத்தை லாக் பண்ணாம இறங்க முடியலைன்னா அது இன்னைக்கு நமக்கான இறக்கம் இல்ல, நடந்துடுங்க. வளைவுல வண்டியை ரொம்பச் சாய்க்காம ஹேண்டிலை மெதுவாத் திருப்பி, வெளிப்பக்கப் பெடல் மேல எடையைப் போடுங்க.

ஈர வேரை முடிஞ்ச வரைக்கும் செங்குத்தா கடங்க, வேருக்கு இணையா போனா சக்கரம் அப்படியே நழுவும். வேருக்கு ஒரு அடி முன்னாடி முன் சக்கரத்தோட எடையை லேசாத் தூக்கி, அதுமேல இருக்கும்போது மிதிக்காம, பிரேக் பிடிக்காம, திருப்பாம உருண்டு தாண்டிடுங்க. மரப்பாலம், பாசி பிடிச்ச கல்படி, கான்கிரீட் வாய்க்கால் மூடி எல்லாத்துக்கும் இதே விதிதான். நம்ம ஊர்ல இன்னொரு எதிரி இருக்கு, கற்பூர மரத்துப் பட்டை. உரிஞ்சு நீள நீளமா பாதையில கிடக்கும், நனைஞ்சா கண்ணாடி மேல ஓட்டுற மாதிரிதான், இலைக்குள்ள மறைஞ்சும் கிடக்கும், கூடவே செயின்லயும் டிரேலியர்லயும் சுத்திக்கும். சில்வர் ஓக் இலை குவிஞ்ச இடத்துலயும் இதே கவனம் வேணும்.

நடுவுல தண்ணிக் குட்டை இருந்தா சுத்திப் போகாதீங்க, நடுவுலயே போங்க. இதுதான் புதுசா ஓட்டுறவங்களுக்கு மனசு வராத விஷயம், ஷூ நனையும்னு ஓரத்துப் புல்லு மேல ஏத்துவாங்க, அடுத்து வர்றவங்க இன்னும் ஓரமா ஏத்துவாங்க, குட்டை அகலமாயிட்டே போகும். நனையறதுக்குத் தயாராத்தான வந்திருக்கோம். ஆழம் தெரியலைன்னா இறங்கி ஒரு குச்சியை விட்டுப் பாத்துட்டு அதே நடுவுல தள்ளிட்டுப் போங்க.

எதிர்ல ஆள் வந்தா, மிருகம் வந்தா

நடக்குறவங்களுக்குத்தான் வழி, எப்பவும், ஏத்தமா இருந்தாலும் இறக்கமா இருந்தாலும். 1988ல அமெரிக்காவுல கலிஃபோர்னியா சைக்கிள் கிளப்புகள் சேந்து ஐஎம்பிஏன்னு (சர்வதேச மவுண்டன் பைக் சங்கம்) ஒரு அமைப்பு தொடங்குனாங்க, காரணம் என்னன்னா நடக்குறவங்களோட தகராறு வந்து பாதை பாதையா சைக்கிளுக்குத் தடை போட்டுட்டு இருந்தாங்க. அவங்க வகுத்த விதிகளோட சாரமே நடக்குறவங்களுக்கு வழி விடு, திறந்திருக்கிற பாதையில மட்டும் ஓட்டு, தடம் விடாதே, மிருகத்தை மிரட்டாதே, வண்டியைக் கட்டுப்பாட்டுல வெச்சுக்கோன்றதுதான். நம்ம மலையில அப்படி ஒரு தடை வர்ற அளவுக்கு நாம விடக்கூடாது.

ஹேண்டில்ல ஒரு சின்ன மணி மாட்டிக்கங்க. தூரத்துலயே மணி அடிச்சு, "அக்கா, சைக்கிள் வருதுங்க"ன்னு ஒரு குரல் குடுத்து, நல்லா வேகத்தைக் குறைச்சு, தலைச்சுமையோட வர்றவங்களா இருந்தா இறங்கியே நின்னுடுங்க. அவங்க மலைப் பக்கம் சாஞ்சு நடந்து போக இடம் விட்டு நீங்க அகலமான இடமாப் பாத்து நில்லுங்க, பாதையோட வெளி ஓரம் மழையில நொறுங்கும், விளிம்புல நிக்காதீங்க. அவங்க கடந்து போற வரைக்கும் மிதிக்க ஆரம்பிக்காதீங்க, சேத்தை அவங்க புடவையில அடிச்சுட்டுப் போறது மாதிரி மரியாதைக் கேடு வேற இல்ல. லயன் வீட்டுப் பக்கம் நாய் துரத்துனா வேகமா ஓட்டாதீங்க, இறங்கி சைக்கிளை நடுவுல வெச்சு மெதுவா நடந்தா விட்டுடும்.

காட்டெருமை, கரடி, சிறுத்தை, யானை எல்லாம் இங்க நிஜம். சைக்கிள் சத்தமில்லாம வேகமா வர்றதுதான் ஆபத்தே, வளைவுல திரும்புனா பத்தடியில கரடி நிக்கும், அதுக்கும் அதிர்ச்சி நமக்கும் அதிர்ச்சி. கோத்தகிரி பக்கம் தேயிலைக்குள்ள கரடி நடமாட்டம் ஜாஸ்தி, வெளிச்சம் நல்லா வந்த பிறகு கிளம்பி, சாயங்காலம் இருட்டறதுக்கு ரொம்ப முன்னாடியே முடிச்சுடுங்க, மூடுபனி இறங்குனா பாதையை விட்டு ரோட்டுக்கு வந்துடுங்க. காட்டெருமையைப் பாத்தா நின்னு, பின்வாங்கி, அது போற வரைக்கும் காத்திருங்க, கிட்டப் போய் போட்டோ எடுக்கறது வேணவே வேணாம். பலாப்பழ சீசன்ல பர்லியார், கல்லாறு பக்கம் யானை கண்டிப்பா நடமாடும், அந்த மாசங்கள்ல அந்தப் பக்கத்து மண் பாதை வேணாம்.

வானிலை மையத்தோட எச்சரிக்கையை முந்தின நாள் ராத்திரி பாருங்க. ஒரே நாள்ல 115 மில்லிமீட்டரைத் தாண்டுனா அது மிக கனமழை, 204ஐத் தாண்டுனா அதி கனமழை. ஆரஞ்சு, ரெட் அலர்ட் குடுத்தா சைக்கிளை எடுக்கவே கூடாது. 2009 நவம்பர்ல இந்த மாவட்டத்துல நிலச்சரிவுல 40 பேருக்கு மேல செத்தாங்க. ஊறிப்போன மண்ணு மழை விட்ட பிறகும் சரியும். சரிவுல புதுசா விரிசல், சாஞ்ச மரம், திடீர்னு கலங்கலா ஊத்துற தண்ணி, இதுல எது கண்ணுல பட்டாலும் திரும்பிடுங்க. தனியா போகாதீங்க, போற வழியை வீட்ல சொல்லிட்டுப் போங்க, பல பள்ளத்துல சிக்னல் இருக்காது, அடிபட்டா 108க்குக் கூப்பிடவே மேடேறித்தான் வரணும்.

பாதைக்குத் திருப்பிச் செய்யறது

மாசத்துல ஒரு நாள் சைக்கிளை வெச்சுட்டு மம்மட்டியோட போங்க, தோட்டத்துக்காரங்ககிட்ட சொல்லிட்டு. பெரிய வேலை ஒண்ணும் இல்ல. பாதை ஓரத்துல தண்ணி வெளியேற இருந்த வழி இலையும் மண்ணும் அடைச்சுக் கிடக்கும், அதைத் தோண்டி விட்டாலே பாதி சேறு காணாமப் போகும். தண்ணி தேங்குற இடத்துல சரிவுப் பக்கமா ஒரு அடி, ரெண்டு அடி அகலத்துக்கு மெதுவாச் சாய்ச்சு வெட்டி விடுங்க, குறுகலான ஓடையா வெட்டுனா திரும்ப அடைச்சுக்கும். குட்டைக்குள்ள கல்லும் கிளையும் தூக்கிப் போட்டு ரொப்பறதைப் பாத்திருப்பீங்க, அது தண்ணியை அங்கயே நிறுத்தி வெக்கும், பக்கத்துல புதுக் குட்டை உண்டாகும். மழை பெய்யும்போதே ஒரு தடவை குடையோட நடந்து பாருங்க, தண்ணி எங்கேர்ந்து வந்து எங்க ஏறுதுன்னு வெயில்ல தெரியாதது அப்போ தெரியும். தினமும் நடக்குறவங்ககிட்ட எந்த இடம் ரொம்ப வழுக்குதுன்னு கேட்டு அதை முதல்ல சரி பண்ணுங்க.

வீட்டுக்கு வந்ததும்

ஓடையில இறக்கி சைக்கிளைக் கழுவாதீங்க. செயின் எண்ணெயும் சோப்பும் கீழ ஊர்க்காரங்க குடிக்கிற தண்ணியில கலக்கும். பாதை முடிஞ்ச இடத்துலயே குச்சியால டயர்லயும் ஷூவுலயும் இருக்கிற மண்ணைச் சுரண்டி அங்கயே போட்டுட்டு வாங்க. ஸ்காட்ச் புரூம், உண்ணிச்செடி, பார்த்தீனியம்னு வெளியிலேர்ந்து வந்த செடி ஏற்கெனவே இந்த மலையைப் பிடிச்சுட்டு இருக்கு, அதோட விதை சேத்தோட டயர்ல ஒட்டி இன்னொரு பள்ளத்தாக்குக்குப் போகும். அதனால ஒரு பக்கத்துலேர்ந்து இன்னொரு பக்கம் ஓட்டப் போறதுக்கு முன்னாடி டயர் சுத்தமா இருக்கணும். ஜெல் கவர், மிட்டாய் பேப்பர் எல்லாம் பையிலயே திரும்பி வரட்டும்.

வாட்டர் சர்வீஸ்ல பைக் கழுவுற பிரஷர் கன்னை ஹப் (சக்கரத்து நடு), பாட்டம் பிராக்கெட் (பெடல் சுத்துற அச்சு), ஹெட்செட் (ஹேண்டில் திரும்புற இடம்), சஸ்பென்ஷன் சீல் பக்கம் காட்டாதீங்க, தண்ணி பேரிங்குக்குள்ள பூந்து கிரீஸைத் தள்ளிடும், அப்புறம் கரகரன்னு சத்தம் வந்து பேரிங் மாத்தற செலவுதான். வாளித் தண்ணி, பிரஷ், கொஞ்சம் சோப்பு போதும், சேறு காயறதுக்குள்ள கழுவுனா சீக்கிரம் போகும். செயினைத் தனியா தேய்ச்சு, துணியால ஈரம் போகத் துடைச்சு, கொஞ்ச நேரம் காய விட்டு அப்புறம் எண்ணெய் விடுங்க, ஈரத்து மேல விட்டா உள்ள இறங்காது. டிஸ்க்ல எண்ணெய்க் கை படாம பாத்துக்கங்க. பேட்ல எவ்ளோ மிச்சம் இருக்குன்னு டார்ச் அடிச்சுப் பாத்துட்டு, சீட் போஸ்ட்டைக் கழட்டி வண்டியைத் தலைகீழா நிறுத்தி ஃப்ரேமுக்குள்ள போன தண்ணி வடிய விடுங்க, அப்புறம் கிரீஸ் தடவி மாட்டிக்கலாம்.